நாலு பேரைச் சிநேகிதராக்கும் கேரம் போர்டு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தின் சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால், சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்மல் கேட்கும். வீடுகள் அவ்வளவு நெருக்கம்.

ஆனால், "மூன்றாவது வீட்டில் குடியிருப்பவர் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியாதுங்க, காலையில் டிபன் பாக்சோடு போவார், ராத்திரி வருவார்" என்று பதில் வரும். பத்து வருடம் ஒரே சந்தில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் உண்டு.

வீடு நெருங்கினால் மட்டும் மனிதர்கள் நெருங்கிவிட மாட்டார்கள். அதற்கு வேறு ஏதோ ஒன்று வேண்டும்.

அந்த வேறு ஒன்று, பல இடங்களில், சுமார் இரண்டரை அடி சதுரப் பலகையாக இருக்கிறது. அதுதான் கேரம் போர்டு.

மில் செய்த வேலை

முன்பெல்லாம் இந்த வட்டாரத்தில் மனிதர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்தது மில்தான். வட ஆர்க்காடு, தர்மபுரி, சேலம் என்று பல பக்கங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் பெங்களூரின் பஞ்சாலைகளில் சேர்ந்தார்கள். 1884-ம் ஆண்டில் தொடங்கி, பிறகு "பின்னி மில்" என்று பெயர் பெற்ற ஆலை, மல்லேஸ்வரத்து ராஜா மில், மினர்வா மில் ஆகியவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன.

ஒரே சங்கு ஊதும். ஒரே ஷிப்டில் போவார்கள். ஒரே நாளில் சம்பளம் வாங்குவார்கள். ஆகவே யார் எந்த ஊர், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது தானாகவே தெரிந்தது.

அந்த மில்கள் இன்று இல்லை. ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் நிற்கிறது. 2014-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி முதல் ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ ரெயிலும் வந்துவிட்டது.

இப்போது ஒரு வீட்டில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். அடுத்த வீட்டுப் பெண் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார். அதற்கடுத்த வீட்டுப் பையன் ராத்திரி ஷிப்டில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறான். ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் கிளம்புகிறார். மில் செய்து வந்த அறிமுக வேலையைச் செய்ய ஆள் இல்லை.

அந்த இடத்தை நிரப்பக் கூடியவை பொழுதுபோக்குகள்தான்.

பெயர் பிறகு, ஆட்டம் முதலில்

புதிதாகக் குடிவந்த ஒருவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நான் இன்னார், உங்களோடு பழக வேண்டும்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் கடன் கேட்க வந்தவரோ என்று சந்தேகிப்பார்கள்.

அதே மனிதர் தெருமுனையில் கேரம் ஆடுகிறவர்கள் பக்கத்தில் நின்றால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். வேடிக்கை பார்க்க அனுமதிச் சீட்டு தேவையில்லை. முதல் நாள் பார்ப்பார். இரண்டாம் நாள் "அடடா, தப்பிச்சுதே!" என்பார். மூன்றாம் நாள், "சார், ஒரு கை குறையுது, உட்காருங்க" என்று அழைப்பு வந்துவிடும்.

பெயர் கேட்பது அதற்குப் பிறகுதான். அவர் எந்த ஊர், என்ன சாதி, என்ன சம்பளம் என்ற கேள்விகள் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. "கட் ஷாட் நன்றாக அடிப்பாரா?" என்பதே முதல் கேள்வி.

இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாலு பேர் ஆடும்போது ஜோடி பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரே உட்காருகிறார். தோளோடு தோள் உரச இரண்டு பக்கமும் இருப்பவர்கள் எதிரணிக்காரர்கள். ஆகவே யாருடன் சேர்ந்து ஆடுகிறோமோ அவர் முகத்தைப் பார்க்கிறோம். யாரை எதிர்த்து ஆடுகிறோமோ அவர் பக்கத்தில் அமர்கிறோம். நாலு பேரில் ஒருவரும் தனியாக ஒதுங்க இடமே இல்லை.

வயது வித்தியாசமும் இங்கே எடுபடாது. ஓடி ஆடும் விளையாட்டு என்றால் அறுபது வயதுக்காரர் ஓரம் கட்டப்படுவார். கேரத்தில் அப்படி இல்லை. கை நடுங்காமல் இருந்தால் போதும். தாத்தாவும் பேரன் வயதுப் பையனும் ஜோடி சேரலாம். தோற்றால் இருவருக்கும் தோல்வி, ஜெயித்தால் இருவருக்கும் ஜெயம்.

பலகையைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. "பவுடர் சரியில்லை, போர்டு சாய்ந்திருக்கிறது" என்பார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற பழமொழி கேரத்துக்கென்றே சொன்னது போல் இருக்கும். அந்தக் கேலியில்தான் சிநேகம் வளருகிறது.

பத்தொன்பது காய்

ஆட்டத்தின் கணக்கு எளிது. கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, ஆக மொத்தம் 19 காய்கள். சிவப்புக் காய்க்கு 3 புள்ளி. ஆனால் அதைக் குழியில் போட்டால் மட்டும் போதாது. தன்னுடைய காய் ஒன்றையும் தொடர்ந்து போட வேண்டும். இதைத்தான் தெருவில் "ஃபாலோ" என்கிறார்கள். ஃபாலோ தவறினால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்துவிடும்.

போட்டி ஆட்டத்தில் 25 புள்ளி அல்லது 8 போர்டு என்பது கணக்கு. அடிக்கும் ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

விளையாட்டு எளியது என்பதால் அற்பமானது என்று நினைக்க வேண்டாம். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ம் ஆண்டு பிறந்தது சென்னையில்தான். உலக சாம்பியன் பட்டத்தை இரண்டு முறை வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். கேரம் ஆட்டக்காரர் ஒருவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது அவரால்தான். அது 1996-ம் ஆண்டுக்கான விருது.

வடசென்னை வியாசர்பாடியின் எளிய குடும்பத்துப் பெண் இளவழகி 2008-ல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கப் பதக்கம் வாங்கிய காசிமா, ஒரு ஆட்டோ டிரைவரின் மகள்.

இவர்கள் எல்லாம் பெரிய மைதானத்தில் வளர்ந்தவர்கள் அல்ல. ஸ்ரீராம்புரம் போலவே வீடுகள் நெருங்கிய தெருக்களில் வளர்ந்தவர்கள். மைதானம் இல்லாத இடத்தில் மைதானமாக ஆனது கேரம் போர்டு.

இரு மொழி, ஒரே ஆட்டம்

பெங்களூர்த் தெருவில் கேரம் ஆடுகிறவர்கள் எல்லோரும் தமிழர் என்று சொல்ல முடியாது. கன்னடக்காரர் இருப்பார், தெலுங்குக்காரர் இருப்பார், உருது பேசும் முஸ்லிம் இளைஞரும் இருப்பார்.

தமிழ் மட்டும் தெரிந்து ஊரிலிருந்து வந்த பையன் கன்னடம் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் பெரும்பாலும் இந்தப் பலகைதான். தமிழில் ஆட்டம் என்றால் கன்னடத்தில் "ஆட்ட". பால் என்றால் "ஹாலு". புலி என்றால் "ஹுலி". பல் என்றால் "ஹல்லு". தமிழில் 'ப' வருகிற இடத்தில் கன்னடத்தில் 'ஹ' வருகிறது என்ற ரகசியத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வார்த்தைகள் கைக்கு வந்துவிடும். இலக்கணப் புத்தகம் இல்லாமலே ஒரு மாதத்தில் இது புரிந்துவிடுகிறது.

"ஊட்டா ஆய்தா?" என்று ஒருவர் கேட்க, "ஆச்சு சார்" என்று மற்றவர் சொல்ல, ஆட்டம் நடக்கும். கேட்டவர் கன்னடத்தில் கேட்டார், சொன்னவர் தமிழில் சொன்னார் என்பதை இருவருமே கவனித்திருக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் முளைத்த நட்பு

ஒரே விருப்பம் இரண்டு மனிதர்களை எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்குப் பெங்களூரே ஒரு சாட்சி.

1970-களின் தொடக்கத்தில் பி.டி.எஸ். பஸ்ஸில் சிவாஜிராவ் என்று ஒரு கண்டக்டர். வீட்டில் பேசுவது மராத்தி, வெளியில் கன்னடம். அதே பஸ்ஸில் டிரைவர் ராஜ்பகதூர். வேலை இருவரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றியது. சிநேகிதர்களாக்கியது நாடக ஆசை. கண்டக்டர் மேடையில் துரியோதனனாக நடித்ததைக் கண்ட டிரைவர், "நீ சென்னைக்குப் போய் நடிப்புக் கற்றுக்கொள்" என்று துரத்தினார். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் அவர் படித்தபோது தன் சம்பளத்திலிருந்து பணமும் அனுப்பினார். தமிழ் பேசவும் பழக்கினார்.

1975-ல் கே. பாலசந்தரின் "அபூர்வ ராகங்கள்" படத்தில் அந்தக் கண்டக்டர் ரஜினிகாந்த் ஆனார். 2021 அக்டோபர் 25-ந் தேதி டெல்லியில் தாதா சாகேப் பால்கே விருதை வாங்கியபோது, மேடையில் தம் குரு பாலசந்தரையும் அண்ணனையும் சொன்ன அவர், தம்முடைய பஸ் டிரைவர் நண்பர் ராஜ்பகதூரின் பெயரையும் மறக்காமல் சொன்னார்.

ஐம்பது வருடமாகியும் அந்தச் சிநேகம் கெடவில்லை. ஒருவர் புகழின் உச்சிக்குப் போனார், மற்றவர் பஸ் டிரைவராகவே இருந்து ஓய்வு பெற்றார். காசு பார்த்துப் பழகியிருந்தால் இது நிலைத்திருக்குமா?

தபால் கார்டில் வந்த உறவு

முகம் பார்க்காமலே பழகியவர்களும் உண்டு. வயதில் மூத்த வாசகர்களுக்கு இலங்கை வானொலி ஞாபகம் இருக்கும்.

1952-ல் பி.வி. கேஸ்கர் மத்திய மந்திரியாக வந்த பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு நின்றுபோயிற்று. 1957 அக்டோபர் 3-ந் தேதி விவித பாரதி தொடங்கும் வரை பாட்டு கேட்க விரும்பியவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அதற்குப் பிறகும் தமிழர்கள் அந்தப் பக்கத்தை விடவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் வீட்டு மனிதர் குரல் போல ஆயின.

பாட்டு கேட்டு நேயர்கள் தபால் கார்டு போடுவார்கள். ஒரு பாட்டுக்கு முன் ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும். தமக்குப் பிடித்த பாட்டையே வேறு ஊரில் ஒருவர் விரும்பிக் கேட்டார் என்று தெரிந்தால், முன்பின் தெரியாத அவர் மேல் ஒரு பிரியம் பிறக்கும். இப்படிக் கடிதம் எழுதிப் பழகி, பிறகு நேரில் சந்தித்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போன நேயர்கள் உண்டு.

கேரம் ஆனாலும் நாடகம் ஆனாலும் பாட்டு ஆனாலும் விஷயம் ஒன்றே. இருவரும் ஒரு பொருளைப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள்.

சோதனைக் காலத்தில்

இது வெறும் பொழுது கழிக்கும் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர்கள் பலர் உயிரிழந்தனர். ஏராளமானோர் வீடு வாசலை விட்டு ஊருக்கு ஓடினர். 2016 செப்டம்பரில் மறுபடியும் பஸ்கள் எரிந்தன, ஊரடங்கு உத்தரவு போடப்பட்டது. அந்த நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துப் பாதுகாத்த கன்னடக் குடும்பங்கள் இருந்தன.

வதந்தி பரவுகிற ராத்திரியில் ஒருவனுக்கு உதவுவது எது? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் முகம் தெரிந்திருப்பதுதான். "அவன் தமிழன்" என்று ஒரு கூட்டம் சொல்லும்போது, "அவன் எங்க குமார், தினமும் நம்மோடு ஆடுகிறவன்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெயர் தெரியாதவனுக்காக யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

கேரம் போர்டு கலவரத்தைத் தடுத்து நிறுத்திவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அறிமுகம் இல்லாத தெருவைவிட அறிமுகம் உள்ள தெருவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டு மாநிலங்களுக்கும் இது பொருந்தும். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 வருடம் மூடியே கிடந்தது. கடைசியில் 2009 ஆகஸ்டு 9-ந் தேதி திறக்கப்பட்டது. நாலே நாளில், ஆகஸ்டு 13-ந் தேதி, கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. உன் கவியை நான் மதிக்கிறேன், என் கவியை நீ மதி என்பதுதான் அதன் பொருள். பெரியவர்கள் சிலை வைத்துச் செய்ததைச் சந்துக்குள் நாம் ஒரு பலகை வைத்துச் செய்யலாம்.

பந்தயம் புகுந்தால் பாழ்

சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கேரம் போர்டைச் சுற்றிப் பணம் புகுந்தால் சிநேகம் வெளியேறிவிடும்.

"போர்டுக்கு ஐந்து ரூபாய்" என்று வேடிக்கையாகத்தான் தொடங்கும். பிறகு ஐம்பது, நூறு என்று ஏறும். தோற்றவன் கடன் வாங்குவான். ஜெயித்தவன் முறைப்பான். சம்பள நாளில் மனைவி வாசலில் வந்து நின்று அழுகிற நிலை வரும். போலீசும் வரும்.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் எழுதியிருக்கிறார். அவற்றில் தீ நட்பு, கூடா நட்பு என்ற இரண்டும் எச்சரிக்கைகள். சூதுக்குத் தனியாக ஒரு அதிகாரம் வைத்தார். நட்புக்கும் சூதுக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பெண்கள் எங்கே?

இன்னொரு குறையும் உண்டு. தெருமுனைக் கேரம் போர்டைச் சுற்றி ஆண்களையே அதிகம் காணலாம். கல்யாணமாகி ஊர் விட்டு ஊர் வந்த பெண்ணுக்குத்தான் அறிமுகம் எல்லோரையும்விட அதிகம் தேவை. புருஷன் வேலைக்குப் போனபின் நாலு சுவருக்குள் பேச ஆள் இல்லாமல் அவள் இருக்கிறாள்.

குழாயடியில் பேசலாம் என்றால், அது தண்ணீர் சண்டையில் முடிகிறது. டி.வி. தொடர் பார்க்கலாம் என்றால், அதுவும் அவரவர் வீட்டுக்குள்தான்.

இளவழகியும் காசிமாவும் பெண்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ நாலு பெண்கள் ஒரு போர்டைப் போட்டு உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கேரம் வேண்டாம் என்றால் பல்லாங்குழி இருக்கிறது, தாயம் இருக்கிறது, ரவிக்கை எம்பிராய்டரி இருக்கிறது. கையில் ஒரு வேலை இருந்தால் வாயில் பேச்சு தானே வரும்.

தொடங்குவது எப்படி?

பெரிய சங்கம் அமைக்க வேண்டாம். ரசீது புத்தகம் வேண்டாம். ஒரு போர்டு, அதை வைக்க ஒரு டிரம் அல்லது ஸ்டூல், மேலே ஒரு பல்பு, ஒரு டப்பா பவுடர். நாலு வீட்டார் பங்கு போட்டால் சுமை தெரியாது.

ஆனால் சில கட்டுப்பாடுகளை முதல் நாளே வைத்துக்கொள்வது நல்லது.

தோற்றவர்கள் எழுந்து இடம் விட வேண்டும். இது மிக முக்கியம். இல்லாவிட்டால் அதே நாலு பேர் ராத்திரி வரை ஆடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

புது முகம் வந்தால் அவருக்கு ஒரு ஆட்டம் கொடுத்துவிட வேண்டும். அவர் தப்பாக அடித்தாலும் சிரிக்கலாம், விரட்டக் கூடாது.

ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள் ஜோடி சேராமல் மாற்றி மாற்றி உட்கார வேண்டும்.

காசு வைக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்குப் பலகையைச் சாத்திவிட வேண்டும். காலை ஷிப்டுக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் தூங்குவார்.

இரண்டு நாள் ஒருவர் வரவில்லை என்றால், மூன்றாம் நாள் ஒருவர் போய் விசாரிக்க வேண்டும். காய்ச்சலாகப் படுத்திருக்கலாம், வேலை போயிருக்கலாம். "என்ன சார், போர்டு பக்கம் காணோம்?" என்ற ஒரு கேள்வி, ஊருக்குப் புதியவருக்கு எவ்வளவு ஆறுதல் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

இன்று செல்போனிலும் கேரம் வந்துவிட்டது. எங்கோ இருக்கும் ஒருவரோடு விரலால் தள்ளி ஆடலாம். ஜெயித்தால் மணி அடிக்கிறது. ஆனால் எதிரே ஆடியவர் யார், சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாது. அவருக்கும் நம்மைத் தெரியாது. நமக்குக் காய்ச்சல் வந்தால் அவர் கஞ்சி கொண்டு வரப் போவதில்லை.

மரப்பலகையில் ஆடினால் கையில் பவுடர் ஒட்டும். அதைத் துடைத்துக்கொண்டே எதிரே இருப்பவரின் பெயரைக் கேட்கலாம். இத்தனை நாளும் கேட்காமல் இருந்தவர்கள் இன்றைக்குக் கேட்டாலும் குறைந்துபோக மாட்டார்கள்.